கைப்பிடியில் நின்றவர்

1943-ஆம் ஆண்டை அப்போது நாங்கள் ஜப்பானியக் கணக்கில் 2603 என்று எழுதினோம். கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால், காலை ஏழு மணி அடிக்கும்போது மலாக்காவில் இன்னும் இருட்டாக இருக்கும். இங்கே நான் தரும் ஆண்டுகள் ஆங்கில ஆண்டுகள். நாள்களுக்குப் பண்டிகைகளை நம்புகிறேன். ஒரு பண்டிகை எந்த வாரத்தில் விழுந்தது என்பதைப் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். அன்றைய செய்தித்தாள்களில் நாள் சரியாக இருக்கும், நடந்தது இருக்காது.

காஜா பேராங் சாலையை ஒட்டி, எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், போருக்கு முன் நெல் அரைத்த ஆலை ஒன்று இருந்தது. அரிசி வரத்து நின்ற பிறகு, 1942-இன் பிற்பகுதியில், அதை ஊபி மாவு ஆலையாக மாற்றினார்கள். மரவள்ளிக் கிழங்கை நாங்கள் மலாய்க்காரர்களைப் போல ஊபி என்றே சொல்வோம். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் அது வரும். பெண்கள் தோலை உரித்துக் கழுவி, கூடைகளில் சுமந்து வந்து, சுழலும் மர உருளை ஒன்றின் மேல் கொட்டுவார்கள். உருளையைச் சுற்றி, ஆணியால் துளையிட்ட தகரம் அடித்திருந்தது. தேங்காய் துருவுவது போல அது கிழங்கைத் துருவித் தள்ளும். பிழிந்து காயவைத்து மாவாக்கிய பின் பெரும்பகுதியை ராணுவம் எடுத்துக்கொள்ளும்.

உருளையைச் சுற்றியது ஆளுயரச் சக்கரம் வைத்த பழைய ஆங்கிலேய எஞ்சின். எண்ணெய் கிடைக்காததால் அதைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். மூடிய உலை ஒன்றில் மரக்கரி கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வாயுவை எஞ்சின் குழாய் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். உலைக்குக் கரி போடுவது என் வேலை. ஆங்கிலப் பள்ளியில் படித்திருந்ததால், ஆலையை நடத்த வந்த ஜப்பானியப் பொறியாளருக்கு மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

எஞ்சினின் வேகத்தைச் சீராக வைத்திருக்க அதன்மேல் கவர்னர் என்ற அமைப்பு இருந்தது. இரண்டு இரும்புக் குண்டுகள் ஒரு தண்டைச் சுற்றிச் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் அகன்று விரியும். அவை விரிந்தால் வாயு வரும் வழி குறுகும், வேகம் தணியும். தணிந்தால் குண்டுகள் தாழும், வழி மறுபடி அகலும். யாரும் தொட வேண்டியதில்லை. ஆனால் கரிவாயுவில் தார் கலந்து வரும். அந்தத் தார் கவர்னரின் தண்டில் படிந்து இறுகி, 1943 தைப்பூசத்துக்கு முன்பே குண்டுகள் அசையாமல் நின்றுவிட்டன.

கவர்னர் இல்லாமல் அந்த ஆலையை நடத்த முடியாது. கூடை கொட்டும்போது எஞ்சின் திணறும். உருளை காலியானதும் தறிகெட்டு ஓடும். பெல்ட் கழன்று பறந்து ஒரு சீனப் பெண்ணின் தோளில் அடித்தது. உதிரிப் பாகம் எங்கும் இல்லை. ஆலையின் ஃபிட்டர் கவர்னரை வால்வோடு இணைக்கும் ஊசியைக் கழற்றி அதை எஞ்சினிலிருந்து பிரித்தார். வாயு வழியைத் திறந்து மூடும் வால்வில் மரப்பிடி போட்ட ஒரு கைப்பிடியைப் பொருத்தினார். அதைப் பிடித்து ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

போருக்கு முன் மாமா பஸ் ஓட்டியவர். பஸ்ஸை ராணுவம் எடுத்துக்கொண்ட பிறகு வேலையில்லாமல் இருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. சில வாரங்களிலேயே சத்தம் மாறுவதற்கு முன்னால் அவர் கை மாறத் தொடங்கியது. எப்படி என்று கேட்டேன்.

"சத்தத்த கேட்டுட்டு திருப்புனா லேட்டாயிடும்பா. கூடையோட வர்ற பொம்பளைங்க நடைய பாரு. கனமா இருந்தா கால தேச்சிகிட்டு வருவாங்க. அப்பவே கொஞ்சம் தொறந்துடணும்."

கூடை சுமந்தவர்களில் ஒரு ரப்பர்த் தோட்டத்து அம்மாள் இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆலை முழுவதும் கேட்கும் குரல். வெள்ளைக்கார கவர்னரைச் சிங்கப்பூரில் சாங்கிச் சிறையில் அடைத்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"அந்த கவர்னரு ஜெயிலுக்கு போயிட்டாரு. இந்த கவர்னரு தாரு குடிச்சிட்டு படுத்துட்டாரு. இப்ப நம்ம பஸ்காரருதான் கவர்னரு. எல்லாரும் சலாம் வைங்க."

"நீ மொதல்ல கூடைய ரொப்பி எடுத்துட்டு வா. பாதிக் கூடைய தூக்கிகிட்டு ஊர்வலம் போற," என்பார் மாமா, எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொறியாளர் முப்பது வயதுச் சிவிலியன். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அடித்ததும் இல்லை. எஞ்சின் அறைச் சுவரில் அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார். அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கு மேலும் ஒரு வேலையின் சிறிய படம்: கரிவாரி, கூடை, பெல்ட், வால்வு, இப்படி. அந்த வேலையை ஒரு மனிதர் செய்தால் அவர் பெயர் எழுதிய மரச்சில்லு ஆணியில் தொங்கும். இயந்திரமே செய்தால் ஓர் இரும்பு வளையம். முழு ஆலையும் அந்தப் பலகையில் இருந்தது. ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களும் தங்கள் சில்லு எது என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

காரணம் சயாம். அந்த ஆண்டு சித்திரையிலிருந்தே சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சம்பளம், அரிசி என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை, லாரிதான் வந்தது. பலகையில் சில்லு தொங்குகிறவர்களுக்குப் பொறியாளர் முத்திரையிட்ட கைப்பட்டை கொடுத்திருந்தார். பட்டை கட்டியவரைத் தெருவில் பிடிக்கமாட்டார்கள். சில்லு இறங்கினால் பட்டை போய்விடும். மாமாவுக்கும் சயாமுக்கும் நடுவே இருந்தது அந்தக் கைப்பிடி ஒன்றுதான்.

பலகையின் விதியைப் பொறியாளர் ஒருநாள் எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற வேலையை இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும், மாறிக்கொண்டே இருக்கிற வேலையை மனிதரிடம் கொடுக்க வேண்டும் என்றார். நான் தமிழிலும் மலாயிலும் சொன்னேன்.

"அப்ப தெனம் ஊபி திங்கற வேலைய மெசின்கிட்ட குடுக்க சொல்லு தம்பி. அதான் ஒரே மாதிரி வருது," என்றார் கூடைக்கார அம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர் என்னவென்று கேட்டார். எல்லோருக்கும் புரிந்தது என்று மொழிபெயர்த்தேன்.

மாமாவின் கை வீட்டிலும் ஓயவில்லை. சாப்பிடும்போது இடது கை தரையில் ஊன்றியபடி மெல்ல ஏறி இறங்கும். அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்தில் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. பசி என்றும் சொல்வதில்லை. சொன்னால் ஒன்றும் மாறாது என்பது பழகிவிட்டிருந்தது.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. பஞ்சாங்கப்படி அந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபரின் முதல் பாதியில். ஒருநாள் எஞ்சினை நிறுத்தி முழுவதும் துடைக்க அனுமதி வேண்டும் என்று பொறியாளரிடம் கேட்டேன். கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள் என்று விளக்கினேன். தன் ஊரிலும் உடைந்த ஊசிகளுக்கு அப்படி ஒரு சடங்கு உண்டு என்று சொல்லி உடனே சம்மதித்தார்.

ஃபிட்டர் மலாக்காச் செட்டி சமூகத்தவர், பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழி வந்தவர். அவர்களின் கம்பம், அதாவது குடியிருப்பு, பக்கத்திலேயே இருந்தது. வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். பூசை, பொட்டு, கோயில் என்று சில தமிழ்ச் சொற்கள் மட்டும் உண்டு. சாமி விஷயத்தில் எங்களைவிடக் கண்டிப்பானவர். அவரை நாங்கள் பாங் என்று கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். கெரொசின் கிடைக்காததால், விளக்கெரிக்க வைத்திருந்த ரப்பர் எண்ணெயை ஒரு போத்தல் கொண்டுவந்தார். ரப்பர் பாலைக் காய்ச்சி வடித்து எடுத்த எண்ணெய் அது. மூக்கைப் பிய்க்கும் நாற்றம். மாமா எஞ்சினை அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். கடைசியில் பிரித்து ஓரமாக விட்டிருந்த கவர்னரையும் அந்த எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தார்.

"அதுதான் செத்துப்போச்சே மாமா," என்றேன்.

"செத்தா என்ன? பூசைக்கு இருக்கற எல்லாத்தையும்தான் தொடைக்கணும்."

துடைத்ததும் பித்தளை வெளியே வந்தது. நாங்கள் யாரும் அதற்கு முன் அதன் நிறத்தைப் பார்த்ததில்லை. ஃபிட்டர் அதை எடுத்து எஞ்சினோடு சேர்த்து ஊசியைப் போட்டார். ஏன் என்று கேட்டேன். மலாயில் அவர் சொன்னது இதுதான்: உறுப்புக் குறைந்த சிலைக்குப் பூசை செய்வோமா? இதற்கும் செய்யக்கூடாது. பூசைக்கு முழுசாக நிற்கவேண்டும்.

மாமா தலையாட்டினார். எனக்கும் அது சரியாகப் பட்டது. சந்தனம் இல்லை, மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். குங்குமத்துக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவக்க வைத்தோம். பொரிக்குப் பதில் அவித்த ஊபி. கற்பூரம் இல்லை. கூடைக்கார அம்மாள் எஞ்சினைக் கும்பிட்டுவிட்டு, "எப்பா சாமி, ஒன்ன நாங்க நல்லா பாத்துக்கறோம், எங்க ஆம்பளைங்கள நீ பாத்துக்க," என்றார். அவர் புருஷன் வைகாசியிலேயே சயாம் போயிருந்தார்.

மறுநாள் விஜயதசமி. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எஞ்சினைக் கிளப்பினோம். ஊசியைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கவர்னர் செத்தது என்பதில் அவ்வளவு நிச்சயமாக இருந்தோம். முதல் கூடை விழுந்தது. எஞ்சின் திணறவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் என்னையும் ஃபிட்டரையும் வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"நான் திருப்பல. அது என் கைய திருப்புது."

ஃபிட்டர் உடனே உள்ளே போய்க் குண்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். அவை அகன்றும் தாழ்ந்தும் சுழன்றுகொண்டிருந்தன. நாளைக் காலை கிளப்புவதற்கு முன் ஊசியைப் பிடுங்கிவிடுவோம் என்றார். "சாபூட் சஜா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிடுங்கிவிடு, அவ்வளவுதான். முழுசாக வைத்துப் பூசை செய்ததை மறுநாளே ஊனமாக்குவதா என்று மாமா கேட்டார். முந்தின நாள் ஃபிட்டர் சொன்னதுதான் அது.

"பௌர்ணமி வரைக்கும் இருக்கட்டும் பாங். பொட்டு காஞ்சி உதிரட்டும். அப்புறம் கழட்டிக்கலாம்," என்றார் மாமா.

பௌர்ணமிக்குச் சில நாள்தான் இருந்தது. ஃபிட்டரும் ஒப்புக்கொண்டார். இதைப் படிப்பவர்களுக்கு அது விளங்காமல் போகலாம். உயிர் போகிற விஷயத்தில் பொட்டு உதிரக் காத்திருப்பார்களா என்று கேட்கலாம். காத்திருந்தோம். எனக்கும் வேறுவிதமாகச் சொல்லத் தோன்றவில்லை. எதற்கும் தலைகுனிந்து பழகிய நாள்களில், நாங்களாக வைத்துக்கொண்ட ஒழுங்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அக்காவிடம் சொன்னோம். ஊபியை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஓடுனா ஓடட்டும். நீங்க கைய எடுக்காதீங்க."

"எடுக்க மாட்டேன்."

அதன் பிறகு மாமா தினமும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். எஞ்சின் ஏற்றினால் அவர் கை ஏறும், இறக்கினால் இறங்கும். முன்பு செய்ததைவிட அது கடினம் என்றார். வேலை செய்யும்போது வராத களைப்பு, செய்வதுபோல நிற்கும்போது வந்தது. பொறியாளர் இரண்டொரு முறை உள்ளே வந்து, எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். பித்தளை பளபளப்பதையும் பாராட்டினார். நான் மொழிபெயர்த்தேன்.

பௌர்ணமிக்கு முன்பே அது நடந்துவிட்டது.

துணிப் பஞ்சம் முற்றியிருந்த நேரம். பெண்கள் பலர் சேலையைக் காப்பாற்ற இடுப்பில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். கூடைக்கார அம்மாளும் அப்படித்தான். கூடையைக் கவிழ்க்கக் குனிந்தபோது சாக்கின் முனை பெல்ட்டுக்கும் உருளையின் சக்கரத்துக்கும் இடையில் போய்விட்டது. பழைய சேலையாக இருந்தால் கிழிந்து விட்டிருக்கும். சாக்கு கிழியாது. அவரை இழுத்தது. அந்தப் பெரிய குரலிலிருந்து சத்தமே வரவில்லை. கூடை விழுந்ததுதான் கேட்டது.

நான் உலைப் பக்கம் இருந்தேன். ஃபிட்டர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கைப்பிடியிலிருந்து மாமாதான் ஓடினார். மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்து ஓடும் பெல்ட்டின் பக்கவாட்டில் கொடுத்து ஒரே நெம்பாக நெம்பிச் சக்கரத்திலிருந்து தள்ளினார். உருளை நின்றது. மற்றப் பெண்கள் சாக்கை அறுத்து அந்த அம்மாளை வெளியே இழுத்தார்கள். இடுப்புத் தோல் உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

பெல்ட் கழன்றுவிட்டால் எஞ்சினுக்குச் சுமை கிடையாது. யாரும் கைப்பிடியில் இல்லையென்றால் அது தறிகெட்டு ஓட வேண்டும். எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தோம். அது வரவில்லை. ஒருமுறை லேசாக உயர்ந்து, பழைய நிலைக்கே வந்து, டப் டப் என்று அமைதியாக ஓடியது.

பொறியாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

முதலில் அந்த அம்மாளைப் பார்த்தார். காயத்துக்கு மருந்து எடுத்துவரச் சொன்னார். பிறகு மாமாவின் முன் நின்று தலையைத் தாழ்த்தி வணங்கினார். மிகவும் தாழ்வாக வணங்கினார். அதன் பிறகுதான் எஞ்சினிடம் போனார். கைப்பிடி தானாக அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்போதிலிருந்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பூஜைக்குப் பிறகு. நீடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்," என்றேன். "தார் மறுபடியும் படியும். மறுபடியும் நின்றுவிடும்."

"நிற்கும்போது ஓர் ஆளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்," என்றார்.

ஓர் ஆள் என்றுதான் சொன்னார். அதில் வெறுப்பு எதுவும் இல்லை.

பலகையிடம் போய் மாமாவின் சில்லை எடுத்தார். அந்த ஆணியில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டினார். வேறு வேலை ஏதாவது அவருக்குக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். ஒரு மனித உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்றேன். பொறியாளர் அதை மறுக்கவில்லை. எல்லா ஆணிகளும் நிரம்பியிருக்கின்றன, சில்லுகளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். சில்லைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் பக்கம் விரலை நீட்டி, "இதை எங்கே மாட்டட்டும், எதை எடுக்கட்டும்? நீ சொல்," என்றார். உண்மையாகவே கேட்டார்.

பலகையில் ஃபிட்டரின் சில்லு இருந்தது. மாவு பிழிகிறவர்களின் சில்லுகள் இருந்தன. கரிவாரிப் படத்தின் கீழ் என்னுடையது இருந்தது.

மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் விரல் நீண்ட திசையைப் பார்த்துவிட்டார். என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"ஒன்னும் சொல்லாத. வா."

பிறகு பொறியாளரைப் பார்த்து மலாயில், "தாப்பா, துவான்," என்றார். பரவாயில்லை ஐயா என்று அர்த்தம். கைப்பட்டையை அவரே அவிழ்த்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். யாரோ முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"கைய எடுக்காதீங்கன்னு சொன்னேனே."

"எடுத்துட்டேன்."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. என் ஞாபகத்தில் அவர்கள் அதைப் பற்றி மறுபடி பேசவேயில்லை. ஒளிந்துகொள்ளச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒளிந்தால் வீட்டிலிருக்கும் அடுத்த ஆணைப் பிடிப்பார்கள், அதற்குப் பட்டையைப் பார்க்கமாட்டார்கள். அது நான் என்பது மூவருக்கும் தெரியும். அந்தப் பௌர்ணமி கழிந்த வாரமே தெருவுக்குப் பொறுப்பாயிருந்தவர் வந்து பெயரைக் கேட்டார். பண்டார் ஹிலிர்த் திடலில் லாரி நின்றது. மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள், அதுவும் சயாமுக்கு என்று பேச்சு. எந்த மாதத்தில் பெயர்த்தார்கள் என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எனக்கும் நிச்சயமில்லை. மாமாவின் கூட்டம் தம்பின் வரை லாரியில் போனது. அக்கா ஒரு துணியில் வறுத்த ஊபியைக் கட்டிக் கொடுத்தார். மாமா லாரியில் பின்பக்கமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். பிறகு டிரைவர் எஞ்சினைக் கிளப்பியதும் தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டார்.

சயாம் பாதையின் இரு முனைகளும் அந்த அக்டோபரிலேயே இணைந்துவிட்டன என்று பிற்காலத்தில் புத்தகங்களில் படித்தேன். இணைந்த பிறகும் பழுதுபார்க்கவும், எஞ்சின்களுக்கு விறகு வெட்டவும் ஆள்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். எதற்காகப் பிடித்தார்களோ அது முடிகிற நேரத்தில் மாமா போனார். படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

தீபாவளிக்கு முன்பே கவர்னர் மறுபடியும் தாரில் ஒட்டிக்கொண்டது. ரப்பர் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட யாரிடமும் இல்லை. பொறியாளர் சொன்னபடி ஓர் ஆளைக் கேட்டார். கிடைத்த ஆள் கைப்பிடிக்குப் பழகாதவர் என்பதால் அவரைக் கரி போட வைத்து என்னைக் கைப்பிடிக்கு மாற்றினார். வளையத்தை எடுத்துவிட்டு என் சில்லை மாட்டினார். மரப்பிடி மாமாவின் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருந்தது. என் கை சின்னது, சரியாகப் பொருந்தவில்லை. எனக்கு அவர் காது இல்லை. ஆனால் கூடையோடு வருகிறவர்களின் நடையைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். அதனால் போர் முடியும் வரை என்னால் அதை ஓட்ட முடிந்தது.

கூடைக்கார அம்மாள் குணமாகி வேலைக்கு வந்தார். அதன் பிறகு யாரையும் கேலி செய்யவில்லை. என்னைக் கடக்கும்போது கூடையின் கனத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போவார். "முழுசு." "பாதி." "முழுசு." அது எனக்கு மிகவும் உதவியது. வாரம் ஒருமுறை அக்காவிடம் போவார். இருவரும் உட்கார்ந்து ஊபி உரிப்பார்கள். இருவரின் புருஷன்மாரும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று மட்டும் ஒருநாள் அந்த அம்மாள் சொன்னார். "ஒங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுக்காரர பாத்தா, நான் இருக்கேன்னு சொல்லுவாரு இல்ல?" சொல்வார் என்றார் அக்கா.

மனிதரும் இயந்திரமும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றிப் பிற்காலத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். விமானம், மின்நிலையம், தொலைபேசி நிலையம் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பலகையைப் போன்ற ஒன்றை இப்போது வரைகிறார்கள். எது யாருக்குச் சிறப்பாக வரும் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். பொறியாளரின் விதியிலும் தவறில்லை என்றே நினைக்கிறேன். வேகத்தைச் சீராக வைப்பதை மாமாவைவிடக் கவர்னர் நன்றாகச் செய்தது. பெல்ட்டில் சிக்கியவரை நோக்கி ஓடுவதை மாமாதான் செய்ய முடியும். ஆனால் அதற்குப் பலகையில் படம் இல்லை, ஆணியும் இல்லை. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வராத வரை அதைச் செய்கிறவர் சும்மா நிற்பதுபோலத்தான் இருப்பார். இதை நான் புத்தகங்களின் ஓரத்தில் எழுதி வைத்ததுண்டு. பிறகு அதையும் நிறுத்திவிட்டேன்.

1945-இன் கடைசியிலிருந்து சயாம் போனவர்கள் சிலர் திரும்பத் தொடங்கினார்கள். கூடைக்கார அம்மாளின் புருஷன் 1946 பொங்கலுக்குப் பிறகு வந்தார். மாமாவைப் பார்க்கவில்லை என்றார். வேறு முகாமாக இருக்கலாம் என்றார். நான் தம்பினுக்கும் கோலாலம்பூருக்கும் போய், சயாமிலிருந்து திரும்பியவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவர் பஸ் ஓட்டியவர் ஒருவரைத் தெரியும் என்றார். அவர் சொன்ன ஆள் உயரமானவர். மாமா குட்டை.

வருஷங்கள் போயின. நாங்கள் புக்கிட் பாருவுக்குக் குடிமாறினோம். திதி கொடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். திதிக்கு இறந்த நாள் வேண்டும். அக்கா என்னைத்தான் கேட்டார். "நீதான் எல்லா தேதியும் வெச்சிருக்கியே. இதுக்கு ஒன்னு சொல்லு." மாமா லாரி ஏறிய நாளின் திதி எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். "அன்னைக்கி அவர் உசுரோட இருந்தாரு, அது எப்படி?" என்றார் அக்கா. அது சரிதான்.

1950 புரட்டாசியில், நவராத்திரிக்கு முன்னால், அக்காவைக் கோயில் பண்டாரத்திடம் அழைத்துப் போனேன். நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை உண்டு என்றார் பண்டாரம். தேதி இல்லாமல் போன எல்லோருக்கும் அது பொது என்றார்.

அக்கா பண்டாரத்தைக் கேட்டார்.

"ஒருவேளை உசுரோட இருந்தா? தப்பாயிடாதா?"

"இருந்தா அவருக்கு ஆயுசு கூடும்மா. தப்பில்ல."

"அப்ப சரி," என்றார் அக்கா. "கூடட்டும்."

அமாவாசை அன்று காலையில் குளித்துவிட்டு வந்து எள்ளையும் தண்ணீரையும் எடுத்து வைத்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. வீட்டுக்கு வந்த பண்டாரம் அதைப் பார்த்தார். பிறகு சடங்கைத் தொடங்கினார். மந்திரத்தில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி அக்காவைப் பார்த்தார். புருஷன் பெயரை அதுவரை வாயால் சொல்லாதவர் அதைச் சொன்னார், பண்டாரம் இரண்டாவது முறை கேட்க வேண்டாதபடி தெளிவாக. பிறகு வழக்கம்போல அரிசியைக் களைய உள்ளே போனார்.